நெரிமா: தோக்கியோவின் முள்ளங்கி நிலம்

தோக்கியோ மாநகரின் வடமேற்கே இக்கெபுக்குரோ என்றொரு பெரிய புகையிரதச் சந்தி இருக்கிறது. நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் ஏறியிறங்கும் அந்நிலையத்தில், சேபு நிறுவனத்தாரின் மின்சார வண்டியொன்றில் ஏறி மேற்கு நோக்கிக் கால்மணி நேரம் சென்றால் ஷக்குஜீ, ஓயிசுமி என்னும் ஊர்களை அடையலாம். அங்கே இறங்கிச் சிறு தெருக்களின் வழியே சிறிது தூரம் நடப்பவர் ஒரு வியப்பைக் காண்பார். நெருங்கி நிற்கும் வீடுகளுக்கு இடையே ஒரு தோட்டம், கருமண் பாத்திகள், அவற்றிலே வரிசை வரிசையாகக் கோவா. தோட்டத்து வாயிலில், நாணயம் இட்டால் திறக்கும் சிறு பெட்டகங்கள்; அவற்றுள் அன்று காலையிற் பறித்த காய்கறிகள். விற்பவர் எவரும் அங்கு இல்லை. வாங்குபவர் காசை இட்டுக் கதவைத் திறந்து, காயை எடுத்துக்கொண்டு தம் வழியே செல்கிறார்.

இது நாட்டுப்புறத்துக் காட்சியன்று. உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றன் எல்லைக்குள்ளேயே இது நிகழ்கிறது. தோக்கியோவின் மையப்பகுதி இருபத்து மூன்று வட்டாரங்களாகப் பிரிந்துள்ளது. யப்பானியர் அவற்றைக் ‘கு’ என வழங்குவர். ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு தலைவரையும் ஒரு சபையையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை உடையது. ஆகையால் ஒவ்வொன்றையும் ஒரு நகரம் என்று கொள்வதே பொருந்தும். அவற்றுள் நெரிமாவும் ஒன்று. அதன் பரப்பு 48 சதுரக் கிலோமீற்றர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ ஏழரை இலட்சம் பேர். மக்கட்டொகையில் இருபத்து மூன்றுள்ளும் அது இரண்டாவது. ஆயினும் அந்த இருபத்து மூன்று வட்டாரங்களிலும் எஞ்சியிருக்கும் விளைநிலம் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டினால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு நெரிமா ஒன்றிலேயே இருக்கிறது. இவ்வளவு வீடுகளுக்கு நடுவே அந்த மண் எவ்வாறு தப்பியது, இன்னும் எத்தனை காலம் தப்பும் என்பதே நெரிமாவின் கதை.

முதலில் மண்ணைப் பார்ப்போம். தோக்கியோவுக்கு மேற்கே முசஷினோ என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. புஜி மலையும் ஹக்கோனே மலையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பலைக் காற்று வாரிக்கொண்டுவந்து அம்மேட்டின்மேற் சொரிந்தது. அச்சாம்பல் மக்கி ஆழமான செம்மண்ணாயிற்று. அதன்மேல் ஒரு கருமண் படை அமைந்தது. கல் இல்லை, களியும் குறைவு, கையால் அள்ளினால் உதிரும் மென்மை. இத்தகைய மண்ணில் நீர் தங்காது. ஆகவே நெற்பயிருக்கு அது ஏற்றதன்று. ஆற்றோரப் பள்ளங்களில் மட்டும் சிறிது நெல் விளைந்தது. மேட்டிலெல்லாம் வாற்கோதுமையும், தினையும், காய்கறியும். நெற்செய்கைக்கு உதவாத அந்த இளமண்ணிலே வேர்ப்பயிர்கள் தடையின்றி ஆழ இறங்கின.

மேட்டின் நடுவே ஷக்குஜீ ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. வடமேற்கு ஓரத்தில் ஷிரக்கோ என்னும் சிற்றாறு. மேட்டுநிலத்தின் அடியில் ஊறும் நீர் சில இடங்களில் மேலே வந்து குளங்களாகத் தேங்கியது. அவற்றுட் பேர்பெற்றது சன்போஜி குளம். குளிர்காலத்திலும் வற்றாத அதன் ஊற்றினால், வேறெங்கும் அருகிய நீர்த்தாவரங்கள் அங்கு வாழ்ந்தன. 1935இல் அத்தாவரக் கூட்டத்தை அரசு இயற்கைச் சின்னமாகப் பேணுமாறு அறிவித்தது. ஓயிசுமி என்னும் ஊர்ப்பெயருக்கே ‘பேரூற்று’ என்பது பொருள். ஆயின், நகரம் பெருகி, வீதிகள் கல்லும் தாரும் பூண்டபின், மழைநீர் மண்ணுள் இறங்குவது குறைந்தது, ஊற்றும் நலிந்தது. இந்நாளில் சன்போஜி குளத்துக்கு நிலத்தடி நீரை இயந்திரத்தால் இறைத்துவிட வேண்டியிருக்கிறது.

அக்குளத்தின் கரையில் ஒருகாலத்தில் ஒரு கோட்டை இருந்தது. அப்பகுதியை ஆண்ட தொஷிமா குலத்தாருக்கு உரியது அது. எடோக் கோட்டையைக் கட்டியவன் என்று புகழ்பெற்ற ஓத்தா தோக்கன் 1477இல் தொஷிமா குலத்தாரைப் போரில் முறியடித்து, ஷக்குஜீக் கோட்டையையும் கைப்பற்றினான். கோட்டை வீழ்ந்தபோது அதன் தலைவன் பொற்சேணம் பூட்டிய வெண்குதிரைமீது அமர்ந்து குளத்தில் இறங்கி மறைந்தான் என்றும், அவன் மகள் தெருஹிமே அவனைப் பின்தொடர்ந்து நீரில் மூழ்கினாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. வரலாறு சொல்வது வேறு: அத்தலைவன் குளத்தில் மூழ்கவில்லை; தப்பியோடிப் பிறிதொரு கோட்டையை அடைந்தான். ஆனால் மக்கள் உள்ளத்தில் வென்றது கதைதான். ஆண்டுதோறும் இளவேனிலில் தெருஹிமே விழா ஷக்குஜீப் பூங்காவில் கொண்டாடப்படுகிறது.

தொஷிமா குலம் அழிந்து ஒரு நூற்றாண்டுக்குமேற் சென்றபின் எடோ நகரம் தொக்குகாவா ஆட்சியின் தலைநகராயிற்று. இன்றைய தோக்கியோவே அந்த எடோ. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பு. அத்துணை வாய்களுக்கும் காய்கறி வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியும் இயந்திர வண்டியும் இல்லாத காலத்தில், ஒரு நாளில் நடந்துபோய்த் திரும்பக்கூடிய தூரத்திலிருந்தே அவை வரவேண்டும். நெரிமா அந்தத் தூரத்தில் அமைந்திருந்தது. விடியுமுன் கமக்காரர் காய்கறிகளைச் சுமந்துகொண்டு எடோவின் சந்தைக்குப் போயினர். திரும்பும்போது வெறுங்கையுடன் வரவில்லை. நகரத்தாரின் மலத்தை விலைகொடுத்து வாங்கி, அதனை எருவாக்கி வயலுக்கு இட்டனர். நகரம் உண்டது வயலுக்குத் திரும்பியது. வயல் விளைத்தது மீண்டும் நகரத்துக்குப் போயிற்று. கேட்பதற்கு முகஞ்சுளிக்கத் தோன்றலாம். ஆனால் அக்காலத்து ஐரோப்பிய நகரங்கள் பல தம் கழிவை ஆற்றில் விட்டு அதே ஆற்று நீரைக் குடித்தன என்பதை எண்ணும்போது, எடோ மக்களின் ஏற்பாடு அறிவுடைய ஏற்பாடாகவே தோன்றுகிறது.

இம்முறை மிக அண்மைக்காலம் வரை நீடித்தது. 1944இல், போரினால் பாரவண்டிகளுக்கு எண்ணெய் இல்லாமற் போகவே, நகரக் கழிவு தேங்கிப் பெருந்தொல்லையாயிற்று. அப்பொழுது இக்கெபுக்குரோவிலிருந்து மேற்கே ஓடும் புகையிரதப் பாதையில் கழிவை ஏற்றிச் செல்லத் தனி வண்டிகள் விடப்பட்டன. போர் முடிந்து சில ஆண்டுகள் வரையும் அவை ஓடின. மக்கள் அவற்றுக்கு இட்ட பட்டப்பெயர் ‘பொன்வண்டி’ என்பதாகும்.

நெரிமாவுக்குப் பேர்தேடிக் கொடுத்த பயிர் முள்ளங்கி. யப்பானியர் அதனைத் ‘தைக்கோன்’, அதாவது ‘பெருவேர்’, என்பர். நெரிமா முள்ளங்கி எழுபது சதமமீற்றர் தொடக்கம் ஒரு மீற்றர் வரை நீளும். தலையும் அடியும் ஒடுங்கி, நடுவிலே பருத்திருக்கும். கோடைக்கடைசியில் விதைத்து, முன்பனிக் காலத்தில் பிடுங்குவார்கள். கழுவிய வேர்களைக் கயிற்றிற் கோத்து, மூங்கிற் பந்தல்களிலே தொங்கவிட்டு, குளிர்காற்றில் வளையும்வரை உலர்த்துவார்கள். பின்னர் மரப்பீப்பாயில் உப்பும் அரிசித் தவிடும் இட்டு அடுக்கி, மேலே கல்லேற்றி ஊறவைப்பார்கள். மஞ்சள் நிறமும், கடித்தால் நொறுங்கும் பதமும் உடைய அந்த ஊறுகாய்க்குத் ‘தக்குவான்’ என்று பெயர். அப்பெயர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தக்குவான் என்னும் துறவியின் பெயரால் வந்தது என்பது மக்கள் வழக்கு. ஒரு கிண்ணம் சோறும் இரண்டு துண்டு தக்குவானும் ஏழைக்கும் வீரனுக்கும் ஒருபோல உணவாயின.

முள்ளங்கி நெரிமாவுக்கு வந்ததுபற்றி அவ்வூரார் சொல்லும் கதை சுவையானது. பின்னாளில் ஐந்தாம் ஷோகுனாக அமர்ந்த சுனயோஷி என்பான், இளமையில் ‘பெரிபெரி’ நோயால் வருந்தினான். நலம்பெறும் பொருட்டு நெரிமாவிலே வந்து தங்கினான். அப்பொழுது ஒவாரி நாட்டிலிருந்து முள்ளங்கி விதையை வரவழைத்து அங்கே விதைப்பித்தான் என்பது கதை. சான்றுள்ள வரலாறு என்று இதனைக் கொள்ள முடியாது. ஆனால் இக்கதைக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அக்காலத்து எடோவில் பெரிபெரி நோய்க்கு ‘எடோ நோய்’ என்றே பெயர். நாட்டுப்புறத்திலிருந்து நகருக்கு வந்தவர்கள் தீட்டிய வெள்ளரிசியை உண்டு கால்கள் வீங்கித் தளர்ந்தனர்; ஊர் திரும்பிக் கரடுமுரடான தானியத்தை உண்ணத் தொடங்கியதும் நலமடைந்தனர். காரணம் எவருக்கும் தெரியவில்லை. 1910இல் தோக்கியோவில் சுசுக்கி உமெத்தாரோ என்னும் அறிஞர், அந்நோயைத் தடுக்கும் சத்தை அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார். தீட்டி எறிந்த தவிட்டில் இருந்தது மருந்து! தவிட்டில் ஊறிய முள்ளங்கியிலும் அச்சத்துச் சிறிது ஏறும். இந்நோயின் பெயர் இலங்கை நேயர்களுக்கு அயலானதன்று. ‘இயலாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்தே அது பிறந்தது என அகராதிகள் கூறுகின்றன. சோறுண்ணும் நாடுகள் அனைத்தும் ஒரே பாடத்தைப் படிக்க நேர்ந்தது போலும்.

மெயிஜி ஆட்சிக்காலத்தில் முள்ளங்கியின் செல்வாக்கு உச்சத்தை அடைந்தது. தலைநகரின் மக்கள்தொகை பெருகியது. போர்வீரர்களுக்கு நெடுநாள் கெடாத உணவு வேண்டியிருந்தது. பீப்பாய் பீப்பாயாகத் தக்குவான் படைக்குப் போயிற்று. நெரிமாக் கமக்காரர் பலர் பயிரிடுவதோடு நில்லாமல், ஊறவைத்து விற்கும் தொழிலையும் கைக்கொண்டனர். இன்றும் கசுகாச்சோ என்னுமிடத்தில் ஒரு கோயிலின் அருகே நெரிமா முள்ளங்கிக்கென நாட்டிய நினைவுக்கல் நிற்கிறது. மன்னருக்கும் படைத்தலைவருக்கும் கல் நாட்டிய ஊர்கள் உலகில் எண்ணில. ஒரு காய்க்குக் கல் நாட்டிய ஊர் மிகச் சிலவே.

அக்கல் 1940இல் நாட்டப்பட்டபோது முள்ளங்கியின் நற்காலம் கழியத் தொடங்கிவிட்டது. 1933இல் கடும் வறட்சி. அதனையொட்டி இலைகளில் திட்டுத்திட்டாகப் படரும் நச்சுநோய். போருக்குப்பின் மக்களின் உணவுப்பழக்கமும் மாறியது. காலையிற் சோற்றுக்குப் பதிலாகப் பாணை உண்போருக்குத் தக்குவான் எதற்கு? வேறொரு காரணமும் உண்டு. நடுப்பருத்து ஆழ இறங்கிய நெரிமா முள்ளங்கியைப் பிடுங்குவது எளிதன்று. மற்றை இனங்களைப் பிடுங்குவதைக் காட்டிலும் பன்மடங்கு வலிமை வேண்டும்; இடுப்பு முறியும். பிள்ளைகள் அலுவலகங்களுக்குப் போய்விட, வயலில் எஞ்சிய முதியவர்கள் அக்காயைக் கைவிட்டுக் கோவாவை நட்டனர். கோவாவைக் குனிந்து வெட்டினாற் போதும். 1955ஐ அடுத்த ஆண்டுகளில் நெரிமா வயல்களிலிருந்து நெரிமா முள்ளங்கி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பெயர் மட்டும் நாடெங்கும் நின்றது.

இனி, நகரம் அங்கு வந்து சேர்ந்த வகையைச் சொல்லவேண்டும். 1915ஆம் ஆண்டு ஏப்பிரலில் இக்கெபுக்குரோவிலிருந்து மேற்கே ஹன்னோ வரை முசஷினோப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. வயல்களுக்கு நடுவே நிலையங்கள் முளைத்தன. 1923இல் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தில் தோக்கியோவின் நெருங்கிய பகுதிகள் எரிந்து சாம்பரானபோது, புறநகரில் வீடு தேடுவோர் பெருகினர். 1924இல் ஒரு நில விற்பனை நிறுவனம் ஓயிசுமியில் நேரான தெருக்களை வகுத்து, ‘கல்வி நகரம்’ ஒன்றை அமைக்கத் தொடங்கியது. ஒரு பல்கலைக்கழகத்தை அங்கே கொண்டுவரலாம், அதனைச் சுற்றி மனைகள் விலைபோகும் என்பது திட்டம். தெருக்கள் வந்தன, நிலையம் வந்தது, பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை. ஆயினும் ‘ஓயிசுமிக் கல்வியகம்’ என்று பொருள்படும் பெயரே அந்நிலையத்துக்கு இன்றளவும் வழங்குகிறது. வராத விருந்தாளிக்கு இட்ட நாற்காலி போல அப்பெயர் அங்கே இருக்கிறது.

பல்கலைக்கழகம் வராவிட்டாலும் ஓர் அறிஞர் வந்தார். தொடக்கப் பள்ளியைக் கூட முடிக்காமல், தம் முயற்சியாலேயே யப்பானியத் தாவரவியலின் தந்தை எனப் பெயர்பெற்ற மக்கினோ தொமித்தாரோ 1926இல் ஓயிசுமியில் குடியேறினார். நிலநடுக்கத்தின் பின்னர், தாம் சேர்த்த செடிமாதிரிகள் நகரத்துத் தீயில் அழியுமே என்ற அச்சம் அவருக்கு. கடன் தொல்லைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே குடும்பத்தைத் தாங்கிய அவர் மனைவி சுவேக்கோவின் முயற்சியாலேயே அவ்வீடு அமைந்தது. இரண்டே ஆண்டில், 1928இல், அவ்வம்மையார் இறந்தார். மக்கினோ தாம் கண்டறிந்த ஒரு சிறுமூங்கில் வகைக்கு மனைவியின் பெயரைச் சூட்டினார். 1957இல் அவர் மறையும்வரை வாழ்ந்த அவ்வீட்டுத் தோட்டம் இப்பொழுது பொதுமக்களுக்கு உரியது. அங்கே அந்த மூங்கில் இன்னும் தழைத்து நிற்கிறது.

1932இல் தோக்கியோ நகரம் தன் எல்லையை விரித்தபோது நெரிமாவின் ஊர்கள் இத்தபஷி என்னும் புதிய வட்டாரத்துடன் இணைக்கப்பட்டன. இணைப்பு ஒருநாளும் பொருந்தவில்லை. இத்தபஷி பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்பகுதி, நெரிமாவோ வயல்வெளி. வரி கட்டவும் பிறப்பைப் பதியவும் நெரிமா மக்கள் தொலைவிலுள்ள அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. எங்களுக்கெனத் தனி வட்டாரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பல ஆண்டுகள் கேட்டனர். 1947 மார்ச்சில் தோக்கியோவின் முப்பத்தைந்து வட்டாரங்களும் இருபத்திரண்டாகக் குறைக்கப்பட்டபோதும் அவர்கள் கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் அவ்வாண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் நெரிமா பிரிந்து, இருபத்து மூன்றாவது வட்டாரமாயிற்று. அன்று அதன் மக்கள் ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் பேர். வட்டாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்த காலத்தில் தனித்து எழுந்தது இது ஒன்றே.

புதிய வட்டாரத்தின் நடுவில் அப்பொழுது ஒரு பெரிய புண் இருந்தது. 1942 ஏப்பிரலில் அமெரிக்க விமானங்கள் முதன்முறையாகத் தோக்கியோமீது குண்டு வீசின. தலைநகரைக் காக்க விமானத்தளம் வேண்டுமென்று படையினர் முடிவுசெய்து, 1943இல் நெரிமாவின் வடபகுதியிலுள்ள வயல்களைத் தேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள், விளைந்துகொண்டிருந்த பயிரை விட்டு, சொற்ப நாட்களில் வீட்டைப் பிரித்துக்கொண்டு வெளியேறப் பணிக்கப்பட்டன. சில மாதங்களில் நரிமசு விமானத்தளம் அமைந்தது. போர் முடிந்ததும் அந்நிலம் உழவரிடம் திரும்பும் என்று எண்ணியிருக்கலாம். திரும்பவில்லை. வென்ற அமெரிக்கர் அதனை எடுத்துத் தம் படையினரின் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டினர். கிராண்ட் என்னும் தம் பழைய குடியரசுத் தலைவரின் பெயரை அதற்கு இட்டனர். 1973இல்தான் முழு நிலமும் யப்பானிடம் திரும்பியது. அப்பொழுது அது வயலாகும் காலம் கடந்துவிட்டது. ஹிக்காரிகஓக்கா என்னும் மாடிவீட்டு நகரமும் ஒரு பெரும் பூங்காவும் அங்கு எழுந்தன. 1983இல் மக்கள் குடியேறத் தொடங்கினர். 1991இல் நிலத்தடிப் புகையிரதமும் அங்கு வந்தது. ஹிக்காரிகஓக்கா என்றால் ‘ஒளிக்குன்று’ என்று பொருள். நிழல்தரும் மரங்களுக்கு இடையே குழந்தைகள் ஓடும் அவ்வீதிகளில் விமானங்கள் ஓடியதை இன்று சொல்லித்தான் அறியவேண்டும்.

போருக்குப்பின் நகரம் நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தது. நெரிமாவின் மக்கட்டொகை 1960இல் மூன்று இலட்சத்தையும் 1970இல் ஐந்து இலட்சத்தையும் தாண்டியது. வேலைக்கு நகர மையத்துக்குப் போய், இரவில் உறங்க மட்டும் திரும்புவோரின் ஊராயிற்று. பெருந்தொழிற்சாலைகள் அதிகம் இல்லை. கடைகளும் சிறு தொழில்களுமே மிகுதி. ஒரு தொழில் மட்டும் உலகப்புகழ் பெற்றது. நிலவிலை மலிவாயிருந்த காலத்தில் ஓயிசுமியில் படப்பிடிப்பு நிலையம் அமைந்திருந்தது. அங்கே தோயெய் நிறுவனத்தார் தயாரித்த ‘வெண்பாம்பு’க் கதை, 1958இல் யப்பானின் முதலாவது வண்ண முழுநீளச் சித்திரப்படமாக வெளிவந்தது. அயலில் புஜிமிதைப் பகுதியில் தெசுக்கா ஒசாமு தம் வீட்டோடு அமைத்த கூடத்தில் ஓர் இயந்திரச் சிறுவனின் கதை உருவாகி, 1963 சனவரி முதலாம் நாள் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. உலகெங்கும் சிறுவர்கள் கண்டு களிக்கும் யப்பானியச் சித்திரத் தொடர்களுக்கு அது வழிகாட்டி. முள்ளங்கி விளைந்த ஊரின் அடுத்த விளைச்சல் இது என்று சொல்லலாம்.

களியாட்டத்துக்கும் குறைவில்லை. தொஷிமா குலத்தாரின் பழைய கோட்டை இருந்த இடத்தில் 1926இல் திறந்த தொஷிமாஎன் கேளிக்கைப் பூங்கா மூன்று தலைமுறைச் சிறுவருக்கு மகிழ்ச்சி தந்து, 2020 ஓகஸ்டில் மூடப்பட்டது. 2023இல் அதன் ஒரு பகுதியில் ஹரி பொட்டர் கதையின் திரைப்படக் காட்சிக்கூடம் திறந்தது. எஞ்சிய பகுதியை அரசு பொதுப்பூங்கா ஆக்கிவருகிறது.

இத்தனைக்கும் நடுவே வயல்களின் கதி என்ன? 1968ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டம் அதற்கு ஒரு விடை கூறியது. நகரமாக வளரவேண்டிய எல்லை என்று கோடு கிழித்து, அதனுள் இருக்கும் வயல்களெல்லாம் பத்தாண்டுகளில் வீட்டுமனை ஆகவேண்டியவை என்பதே அச்சட்டத்தின் நோக்கு. நெரிமா முழுவதும் அக்கோட்டுக்குள் அகப்பட்டது. விளைநிலத்துக்கும் மனைநிலத்துக்கு விதிப்பது போன்ற வரி வரலாயிற்று. கோவா விற்றுக் கிடைக்கும் பணத்தில் அவ்வரியைக் கட்டுவது எங்ஙனம்? 1974இல் ஒரு காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1991இல் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் பயிரிடுவேன், கட்டடம் எழுப்பேன் என்று உறுதியளிக்கும் கமக்காரருக்கு வரி குறைக்கப்படும். நெரிமாக் கமக்காரர் பலர் அவ்வுறுதியை அளித்தனர். ஐம்பது வயதில் அளித்தவர் எண்பது வயதுவரை மண்வெட்டியைக் கீழே வைக்க முடியாது. அது எளிய வாக்குறுதி அன்று.

ஆனால் இடர் வேறொரு வாயிலால் வந்தது. கமக்காரர் ஒருவர் இறந்தால் அவர் முதுசத்தின்மேல் அரசு வரி விதிக்கும். வயலைத் தொடர்ந்து உழும் மகனுக்கு வயலின் வரி தள்ளிவைக்கப்படும். ஆனால் வீட்டைச் சூழ்ந்த மரத்தோப்புக்கும், களஞ்சியத்துக்கும், காயைக் கழுவி அடுக்கும் முற்றத்துக்கும் அச்சலுகை இல்லை. தோக்கியோவில் நிலத்தின் விலை தெரிந்ததே. அவ்வரியைச் செலுத்த வயலின் ஒரு துண்டை விற்கவேண்டும். துண்டு விற்ற இடத்தில் ஆறு வீடுகள் எழும். அடுத்த தலைமுறையில் இன்னொரு துண்டு. நெரிமாவின் விளைநிலம் இன்று இருநூறு ஹெக்டேயருக்கும் குறைந்துவிட்டது. வெள்ளத்திலும் வறட்சியிலும் அழியாத வயல், ஒவ்வொரு மரணத்தோடும் சிறிது சிறிதாகக் குறைகிறது. சட்டம் இயற்றுவோர் கமக்காரனின் முற்றத்தையும் வயலின் உறுப்பாகக் கருதாதது பெருங்குறையே.

ஆயினும் கமக்காரர் வாளா இருக்கவில்லை. 1996இல் ஓயிசுமியில் ஒரு புதிய முறை தொடங்கிற்று. வயலைச் சிறு பாத்திகளாக வகுத்து நகரத்தாருக்கு வாடகைக்கு விடுவது பழைய வழக்கம். அதில் நிலக்காரன் நிலக்காரனாகவே இருப்பான். புதிய முறையில் கமக்காரர் ஆசிரியராகிறார். எதை, எப்பொழுது விதைப்பது என்று தீர்மானிப்பவர் அவரே. விதையும், நாற்றும், எருவும், கருவியும் அவரே தருகிறார். நகரத்தார் கட்டணம் செலுத்தி, அவர் சொற்படி உழைத்து, விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகின்றனர். வயல் அவருடைய சொந்தக் கமமாகவே சட்டத்தின் கண்ணில் நிற்பதால் வரிச் சலுகையும் போவதில்லை. அலுவலகத்தில் உயர்பதவி வகித்தவர்கள் தக்காளிக்கு ஊன்றுகோல் நாட்டத் தெரியாமல் கமக்காரரிடம் கேட்டு நிற்பது அங்கே வழக்கமான காட்சி. கமக்காரருக்கு வருவாயும் உண்டு; வேலைக்கு ஆளும் உண்டு; மதிப்பும் உண்டு. இம்முறை பின்னர் பிற நகரங்களுக்கும் பரவியது.

அரசின் எண்ணமும் மெல்ல மாறிற்று. நிலநடுக்கம் வந்தால் ஓடி ஒதுங்க வெளி வேண்டும். தீ பரவாமல் தடுக்கவும் வெளி வேண்டும். கோடையிலே தோக்கியோவின் வெப்பமெல்லாம் கடற்காற்றால் உள்ளே தள்ளப்பட்டு நெரிமாவில் வந்து தேங்குகிறது. அங்குள்ள வானிலை நிலையத்தில் 38 பாகையைத் தாண்டிய நாட்களும் உண்டு. அந்நாட்களில் பயிர்நிலத்தின் குளிர்ச்சி எவ்வளவு பெரிது என்பதைப் பக்கத்து வீட்டார் அறிவர். 2015இல் இயற்றிய சட்டமொன்று, நகரத்து விளைநிலம் நகரத்துக்கு வேண்டியதே என்று வெளிப்படையாக அறிவித்தது. 1968இன் சட்டத்துக்கு நேர்மாறான கொள்கை இது. வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1992இல் கணக்கிடத் தொடங்கிய முப்பது ஆண்டுத் தவணை 2022இல் முடிவெய்தியபோது, வயல்களெல்லாம் ஒரேயடியாக விற்பனைக்கு வந்துவிடும் என்று பலர் அஞ்சினர். பத்துப் பத்து ஆண்டுகளாக உறுதியைப் புதுப்பிக்கும் வசதி 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பட்டிருந்தமையால், அஞ்சிய அளவுக்குத் தீங்கு நேரவில்லை. 2019இன் பிற்பகுதியில் இலண்டன், நியூயோர்க், ஜக்கார்த்தா, சோல், தொரன்ரோ ஆகிய நகரங்களிலிருந்து பேராளர்களை அழைத்து, நகர வேளாண்மை பற்றிய உலக மாநாடொன்றை நெரிமா நடத்தியது.

மறைந்த முள்ளங்கியும் மீண்டது. 1989 தொடக்கம் வட்டாரச் சபையாரும் கமக்காரர் கூட்டுறவுச் சங்கத்தாரும் சேர்ந்து, விதையைப் பேணி, பயிரிட முன்வரும் கமக்காரருக்கு ஆதரவளித்து வருகின்றனர். ஆயினும் பழைய இடர் போகவில்லை: விளைந்ததைப் பிடுங்குவது யார்? அதற்கும் ஒரு வழி கண்டனர். 2007இல் முள்ளங்கி பிடுங்கும் போட்டி தொடங்கிற்று. முன்பனிக் காலத்து ஞாயிறு ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் வயலிற் கூடுகின்றனர். குறித்த நேரத்தில் யார் அதிகம் பிடுங்குகிறார் என்பது ஒரு போட்டி; யார் பிடுங்கியது நீளமானது என்பது இன்னொன்று. கால்களை அகற்றி ஊன்றி, இலைக்கொத்தை இரு கையாலும் பற்றி, சேற்றில் மல்லாந்து விழுவோரைச் சுற்றி நிற்போர் கைதட்டி மகிழ்கின்றனர். கமக்காரருக்கு ஒரு பகற்பொழுதில் வயல் முழுதும் அறுவடையாகிவிடுகிறது. பிடுங்கிய முள்ளங்கிகள் வண்டிகளில் ஏற்றப்பட்டு வட்டாரப் பாடசாலைகளுக்குப் போகின்றன. அடுத்த சில நாட்களில் நெரிமாவின் பிள்ளைகள் தங்கள் பாடசாலை மதிய உணவில் அதனை உண்கின்றனர்.